பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

1

மனுநீதிச் சோழன் கதையைத் திருவாரூர்ப் பக்கத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோவிலுக்கு வெளியே கல்தேர் இருக்கிறது. இளவரசனின் தேரில் அடிபட்டுக் கன்று சாகிறது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்குப் போய் ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அடிக்கிறது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். நீதி என்றால் இப்படி இருக்கணும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதிகாரிகள் கிராமத்துக்கு வந்து மனு வாங்கும் முகாமுக்கு 'மனுநீதி நாள்' என்றே தமிழ்நாட்டில் பெயர் வைத்திருக்கிறோம்.

எல்லோரும் பேசுவது கதையின் கடைசிப் பகுதியை. எனக்கு முதல் பகுதிதான் உறுத்துகிறது. பெரியபுராணத்தில் அந்தப் பசு பேசுவதில்லை. மணியை அடிக்கிறது, அவ்வளவுதான். அரசன் அமைச்சர்களைத் திரும்பிப் பார்க்கிறான். ஒரு மூத்த அமைச்சர்தான் நடந்ததை எடுத்துச் சொல்கிறார். அப்படியென்றால் மணி அடிப்பதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரியும். தெருவில் நடந்தது, ஊர் பார்த்தது, அமைச்சர் காதுக்கும் வந்துவிட்டது. அரசனுக்கு மட்டும்தான் வரவில்லை.

கன்று தெருவில் சாகாமல் ஒரு மதில் சுவருக்குள் செத்திருந்தால்? பசுவையும் அதே சுவருக்குள் கட்டிப் போட்டிருந்தால்? மணி இருந்து என்ன செய்ய?

இந்தக் கட்டுரை அந்த மதில் சுவரைப் பற்றியது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பெரியவர்களான பிறகு எங்கே, யாருடன், எப்படி வாழ்கிறார்கள்; அவர்கள் வாழும் இடம் நல்ல இடமா என்பதை யார் போய்ப் பார்ப்பது; அப்படிப் பார்ப்பதற்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்விகளைப் பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 'மனவளர்ச்சிக் குறைபாடு' என்ற தலைப்பின் கீழ் இந்தியாவில் சுமார் 15 லட்சம் பேரை எண்ணியது. இது மனநோய் இல்லை. மனநோய் நடுவில் வரும், மருந்தில் குறையும், சிலருக்குப் போயே போய்விடும். இது பிறவியிலோ சிறு வயதிலோ வந்து வாழ்நாள் முழுக்கக் கூட இருப்பது. ஆனால் நம் ஊர்ப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், காப்பகங்களிலும் பல நேரம் ஒரே கூடம்தான்.

டெல்டாவில் இவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயது ஆகியிருக்கும், தெருவே இன்னமும் 'தம்பி' என்றோ 'பாப்பா' என்றோதான் கூப்பிடும். அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். அந்த அம்மாவிடம் ஒரே கேள்விதான் இருக்கும்: "எனக்கப்புறம் இவன யாருங்க பாத்துக்குவா?" கொஞ்சம் பழகிவிட்டால், குரலைத் தணித்து இன்னொன்றும் சொல்வார்: "எனக்கு முன்னால அவன் போயிட்டா நிம்மதியா கண்ணை மூடுவேன்." ஒரு தாய் தன் பிள்ளையின் சாவைப் பிரார்த்தனையாகக் கேட்கும்படி ஒரு சமூகம் வைத்திருக்கிறது என்றால், அங்கே ஆய்வு செய்யப்பட வேண்டியது எது?

2

தமிழில் இந்த விஷயத்துக்கான சொற்கள் எல்லாமே கண்ணிலிருந்து பிறந்தவை. 'பார்' என்றால் காண்பது. 'பார்வையிடு' என்றால் அதிகாரி வந்து பார்ப்பது. 'மேற்பார்வை' என்றால் மேலே நின்று பார்ப்பது. 'பார்த்துக்கொள்' என்றால் முழுக்க வேறு விஷயம்: சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, ராத்திரி இருமினால் எழுந்து போவது. 'கொள்' என்ற துணைவினை சேர்ந்ததும் பார்வை பொறுப்பாக மாறிவிடுகிறது. பார்த்துவிட்டுப் போகலாம். பார்த்துக்கொண்டுவிட்டுப் போக முடியாது.

'கண்காணிப்பு' என்ற சொல்லுக்கு டெல்டாவில் பழைய கறை ஒன்று உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்து, கூட்டிப் போய், வேலை வாங்கியவருக்குக் கங்காணி என்று பெயர். கண்காணிதான் வாய்மொழியில் கங்காணி ஆனது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்களில் தஞ்சைச் சீமையின் கூலிக்காரர்கள் ஏராளம். கங்காணிக்கு அவர் கொண்டுவந்த ஆட்களின் கணக்குப்படி காசு. வேலைக்கு இத்தனை தலை வந்தது என்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டியது. அந்தத் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க அவருக்குக் கூலி கிடையாது.

'கவனிப்பு' இன்னும் விசேஷமான சொல். கவனம் வைப்பதும் கவனிப்பு, பராமரிப்பதும் கவனிப்பு. அரசு அலுவலகத்து வாசலில் அதற்கு மூன்றாவது அர்த்தமும் இருக்கிறது. "வர்றவங்கள கொஞ்சம் கவனிச்சு அனுப்புங்க." ஆய்வுக்கு வரும் நாளன்று பல இடங்களில் நடப்பது இதுதான். கவனிக்க வந்தவர் கவனிக்கப்படுகிறார். தரை பினாயில் போட்டுக் கழுவப்படுகிறது, புதுப் போர்வை வருகிறது, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகின்றன. உள்ளே இருப்பவர்களுக்குக் காலை நாலு மணிக்கே குளியல். யாருக்காக இந்த வீடு நடக்கிறதோ அவர்களுக்கு அன்றைக்குத்தான் ரொம்பச் சிரமமான நாள்.

சொற்களை வைத்து விளையாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மொழி பார்ப்பதையும் பார்த்துக்கொள்வதையும் ஒரே வேரில் வைத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பொறுப்பில்லாத பார்வை கங்காணியின் பார்வையாகிவிடும். பிறர் பார்வை படாத பொறுப்பும் ஆபத்துதான். வீட்டுக்குள்ளேயே ஒரு ராஜ்யம் உருவாகிவிடும்.

3

ஏர்வாடியை முதலில் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவைச் சுற்றி நடந்துகொண்டிருந்த மனநலக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது; அதன்படி உரிமம் இல்லாமல் இப்படி ஓர் இடத்தை நடத்தவே கூடாது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. ஏர்வாடியின் குறை, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்பது.

அடுத்தது நம் கும்பகோணம். 2004 ஜூலை 16. காசிராமன் தெருப் பள்ளிக்கூடம். சத்துணவுக் கூடத்திலிருந்து பரவிய தீ, மேல்மாடிக் கீற்றுக் கூரைக்குப் போனது. 94 குழந்தைகள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. ஏர்வாடியைப் போல யாருக்கும் தெரியாத இடம் இல்லை அது. அங்கீகாரம் வாங்கிய பள்ளி, கல்வித்துறையின் கோப்புகளில் இருந்த பள்ளி. கீற்று மேலே இருந்தது; தலையை நிமிர்த்தினால் தெரியும். கும்பகோணத்தின் குறை, பார்த்தவர்களுக்கும் கண்ணில் படவில்லை என்பது. கையில் இருந்த தாளில் கேட்டிருந்ததை மட்டும் பார்க்கிற கண்ணுக்குக் கூரை தெரியாது.

மூன்றாவதுக்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கானது. ஒரு நபருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு கட்டணம், அரசுப் பணத்திலிருந்து. 2011 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ரகசியக் கேமராவில் எடுத்ததை ஒளிபரப்பியது. ஊழியர்கள் அங்கிருந்தவர்களை அடிக்கிறார்கள், தரையில் அமுக்கி மேலே ஏறி உட்காருகிறார்கள், உடையோடு குளிர்ந்த தண்ணீரில் நனைக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு மூத்த செவிலியர் ஏற்கெனவே நிர்வாகத்துக்கும் பராமரிப்புத் தர ஆணையத்துக்கும் எழுதியிருந்தார். மணியை அடித்திருந்தார். யாரும் திரும்பவில்லை. பதினொரு ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேருக்குச் சிறை.

அதற்குப் பிறகு ஆய்வு முறைகள் மாறின. எட்டு வருடம் கழித்து, 2019இல், டர்ஹம் பகுதியில் வோர்ல்டன் ஹால் என்ற இடத்தில் அதே பனோரமா, அதே மாதிரிக் கேமரா, கிட்டத்தட்ட அதே காட்சிகள். அந்த இடத்துக்கு ஆணையம் கொடுத்திருந்த மதிப்பு 'நன்று'. 2015இல் ஓர் ஆய்வாளர் அங்கே கவலைக்குரிய விஷயங்களைக் கண்டு அறிக்கை தயாரித்திருந்தார், அது அப்போது வெளியிடப்படவில்லை.

இந்த மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்கக்கூடாது. ஏர்வாடியில் ஒரு சாதாரண சரிபார்ப்புப் பட்டியல் உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். உரிமம் உண்டா? கூரை என்ன? சங்கிலி இருக்கிறதா? மூன்று கேள்வி போதும். இப்போது நம் இளைஞர்களிடையே படிவம், ரெஜிஸ்டர் என்றாலே ஓர் இளக்காரம் இருக்கிறது. அதிகார வர்க்கத்தின் கருவி, மனிதர்களை எண்களாக்கும் வேலை என்றெல்லாம் எழுதுகிறோம். சங்கிலியோடு எரிந்தவர்களுக்கு அந்த எண்கூடக் கிடைக்கவில்லை. படிவத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்று பேசலாம். அதற்கு முதலில் படிவம் வரை வந்திருக்க வேண்டும்.

விண்டர்போர்ன் வியூ வேறு விதம். அங்கே எல்லா ரெஜிஸ்டரும் இருந்தது. கட்டடம் புதிது, தீயணைப்பு வழி உண்டு, மருந்துப் பட்டியல் உண்டு. அடியும் இருந்தது.

4

தஞ்சைப் பெரிய கோவிலின் சுவரைப் பார்த்தவர்களுக்கு, கணக்கு எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று தெரியும். ராஜராஜன் கொடுத்த ஒவ்வொரு நகையும் 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுக்கப்பட்டுக் கல்லில் பதிவாகியிருக்கிறது. அரக்கு எவ்வளவு, கோத்த நூல் எவ்வளவு, அதையெல்லாம் நீக்கிப் பொன் எவ்வளவு என்கிற அளவுக்குத் துல்லியம். நெல் அளக்க அதே பெயரில் ஒரு மரக்கால். கோவிலில் பணி செய்ய வெவ்வேறு ஊர்க் கோவில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, வருடத்துக்கு 100 கலம் நெல் பங்கு. ஆயிரம் வருஷம் கழித்தும் வாசிக்கலாம்.

அந்த முதல் வீட்டுப் பெண்ணுக்குத் தஞ்சாவூருக்கு வர விருப்பம் இருந்ததா? கல் சொல்லாது. கல்லிடம் கேட்கவும் இல்லை.

அளக்கக்கூடியது, அளக்க முடியாதது என்று இரண்டாகப் பிரித்து, பின்னதுதான் உசத்தி என்று சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பெண்ணுக்கு 100 கலம் என்று கல்லில் எழுதியிருந்ததால்தான் யாரும் அதை 60 கலம் ஆக்க முடியாது. எழுத்து அவளுக்கும் காவல். ஆனால் எழுத்து எதைக் காக்கிறது என்பதில் கவனம் வேண்டும். அவளுக்குப் போய்ச் சேர வேண்டியதை அது காத்தது. அவள் என்ன நினைத்தாள் என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை.

இன்றைய காப்பக ஆய்வும் பெரும்பாலும் இந்த மாதிரிதான். ஒரு நபருக்கு எத்தனை சதுர அடி, எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, சமையலறை, மருத்துவர் எப்போது வந்தார், வருகைப் பதிவு. இவை எல்லாம் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பதிவுச் சான்று இல்லாமல் எந்த நிறுவனமும் நடத்தக்கூடாது என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு வேறொன்றும் சொல்கிறது: மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்துக்குள் வாழும் உரிமை உண்டு, குறிப்பிட்ட ஏதோ ஒரு வாழிடத்தில்தான் இருந்தாக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவின் நிழல் இது. இந்த ஒரு வரியை உண்மையாக எடுத்துக்கொண்டால், ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது கழிப்பறைக் கணக்கு இல்லை. "இவர் இங்கே இருக்க விரும்புகிறாரா?"

5

காப்பகத்துக்கு மாற்றாக உலகம் பேசும் முறைக்கு ஆதரவுடன் வாழ்தல் என்று பெயர் வைக்கலாம். மூன்று நாலு பேர் ஒரு சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில் இருப்பார்கள். உதவியாளர் வந்து போவார், அல்லது கூடவே தங்குவார். நம் தேசிய அறக்கட்டளையின் 'கரோண்டா' திட்டம் குழு இல்லம் என்ற அளவில் இதன் பக்கம் வருகிறது. சென்னையின் பன்யன் அமைப்பு 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்று நடத்துவது, வருடக்கணக்கில் மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களை இப்படித் தெருக்களுக்குள் கொண்டுவருகிற வேலை. அது மனநோயாளிகளுக்கானது என்றாலும், தத்துவம் அதேதான்.

இங்கிலாந்தில் இந்த முறையில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. வீட்டின் வாடகை ஒப்பந்தம் அங்கே வாழ்கிற நபரின் பெயரில் இருக்கும். உதவி கொடுக்கும் நிறுவனம் வேறு, வீடு வேறு. அதனால் ஆய்வாளர் நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் போகலாம், ஏடுகளைப் புரட்டலாம். அந்த நபரின் வீட்டுக்குள் மட்டும் அவர் சம்மதம் இல்லாமல் கால் வைக்க முடியாது. கதவைத் தட்டணும். "உள்ள வரலாமா?" என்று கேட்கணும். அவர் "வேண்டாம்" என்றால் திரும்பிப் போகணும்.

நம் ஊரில் இதை யோசித்துப் பார்ப்போம். ஒரு காப்பகத்துக்கு ஆட்சியரோ, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரோ வருகிறார். நிர்வாகி வாசலுக்கு ஓடி வருகிறார். எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய், அலமாரியைத் திறந்து, போர்வையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். யாருடைய கட்டில், யாருடைய அலமாரி என்று யாரும் கேட்பதில்லை. நல்ல எண்ணத்தோடுதான் வந்திருக்கிறார்கள். இருந்தாலும் உங்கள் வீட்டு பீரோவை ஒருவர் நல்ல எண்ணத்தோடு திறந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

சிக்கல் இங்கேதான் முறுக்கிக்கொள்கிறது. அனுமதி கேட்கும் கதவு அவருக்கு மரியாதை. அதே கதவுதான் உதவியாளரின் கொடுமையையும் மூடி வைக்கும். பேசத் தெரியாத ஒருவர் சார்பாக உதவியாளரே கதவைப் பாதி திறந்து, "அவருக்குப் புது ஆளுங்கள பாத்தா பயம் சார், இன்னொரு நாள் வாங்க" என்று சொன்னால்? மதில் சுவரை இடித்து, அதே செங்கல்லில் நாலு சின்ன வீடு கட்டினால், மறைவு கூடவும் செய்யலாம். பெரிய காப்பகத்தில் நாற்பது பேர் சாட்சி. சின்ன வீட்டில் சாட்சியே இல்லை.

தனிமை எங்கே முடிந்து ஒளிவு எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சட்டத்தில் கோடு கிழிக்க முடியாது. அந்த நபருக்கு வெளியே எத்தனை பேரைத் தெரியும் என்பதுதான் ஓரளவுக்கு அளவுகோல். டீக்கடைக்காரருக்கு அவர் பெயர் தெரியுமா? நாலு நாள் கண்ணில் படாவிட்டால் "எங்க நம்ம ஆளக் காணும்?" என்று கேட்க ஒருவராவது உண்டா? அப்படி ஒருவர் இருந்தால் கதவு மூடியிருக்கலாம், தப்பில்லை. யாருமே இல்லாத வீட்டில் கதவு திறந்தே கிடந்தாலும் அது காப்பகம்தான்.

6

இப்போது தெருவைப் புகழ்ந்து எழுதிவிட்டுப் போய்விடலாம். அந்தக் காலத்தில் ஊரே பார்த்துக்கொண்டது என்று. டெல்டாவுக்கு அந்த ஏக்கம் சுலபமாக வரும். களத்தில் நெல் தூற்றும்போது கூட நின்றார்கள், மாடு ஓட்டினார்கள், வைக்கோல் பிரி சுமந்தார்கள், திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் நடந்தார்கள். எல்லாம் உண்மை. ஒரு வேளைச் சோற்றுக்கு நாள் முழுக்க வேலை வாங்கியதும் உண்மை. பையன்கள் கல்லெறிந்ததும், எந்தத் தெருவுக்குள் அவர் வரலாம் என்பதைச் சாதி முடிவு செய்ததும் உண்மை. பெண்களுக்கு நடந்ததை யாரும் வெளியே பேசவில்லை. இப்போது அறுவடை இயந்திரம் வந்து அந்தச் சின்னச் சின்ன வேலைகளும் போய்விட்டன. பண்ணை முறையோடு கொடுமையில் ஒரு பங்கு போனது. கூடவே அவர்கள் நிற்கக் கிடைத்திருந்த இடமும் போனது.

ஒரு சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். சம்பா நடவு நேரம். ஒரு குடியிருப்பில் ஒரு வீடு. அம்மா விவசாயக் கூலி. மகனுக்கு இருபது வயது, அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், ரெண்டு தெரு தாண்டினால் குளம். டெல்டாவில் தண்ணீர் இல்லாத திசை ஏது? காலையில் நடவுக்குப் போகும்போது அவர் பழைய சேலையைத் திரித்து மகன் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் திண்ணைத் தூணில் முடிந்துவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டுக் கிழவியிடம் "கொஞ்சம் பாத்துக்கங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு.

அன்றைக்கு ஓர் ஆய்வாளர் வந்தால் அவர் எழுத வேண்டிய வாக்கியம் ஏர்வாடிக்கு எழுதிய அதே வாக்கியம்: கட்டிப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது ஒன்றே. ஒழுக்கம் சார்ந்து இரண்டும் ஒன்றா?

கட்டப்பட்டவன் பக்கமிருந்து பார்த்தால் கயிறு கயிறுதான். அம்மா அன்பால் கட்டினாள் என்பதால் அவன் இடுப்பு வலிக்காமல் போகாது. இதை மழுப்பக் கூடாது. ஆனால் குற்றம் யாருடையது என்ற கேள்விக்கு விடை வேறு. அந்த அம்மாவுக்கு அன்று காலையில் இருந்த வழிகள் மூன்று: கட்டிவிட்டு வேலைக்குப் போவது, கட்டாமல் போய் அவன் வாய்க்காலில் விழுவது, வேலைக்கே போகாமல் இரண்டு பேரும் பட்டினி கிடப்பது. இந்த மூன்றைத் தவிர நாலாவதை அவர் முன்னால் வைக்காத யாருக்கும் அந்தக் கயிற்றைக் குற்றம் என்று எழுத உரிமை இல்லை. அருகில் ஒரு பகல்நேர மையம், வந்து கூட இருக்க ஓர் ஆள், வீட்டில் இருப்பதற்கு ஈடான பணம், ஏதோ ஒன்று. தமிழ்நாடு அரசு பராமரிப்பு உதவித்தொகை கொடுக்கிறது. 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். அது பெரிய உதவிதான், பல மாநிலங்களில் அதுவும் இல்லை. ஆனால் நாளுக்கு 67 ரூபாய்க்கு நடவுக் கூலியை யாரும் விடமுடியாது.

இதிலிருந்து எனக்குக் கிடைப்பது ஒரு கொள்கை: பாரத்தில் பங்கு எடுக்கும் அளவுக்குத்தான் பார்வைக்கு உரிமை. "சார், நீங்க வந்து பாக்குறீங்க. ஒரு நாள் வந்து பாத்துக்குவீங்களா?" என்று அந்த அம்மா கேட்டால் அதற்குப் பதில் இருக்க வேண்டும். அரசு பதில் வைத்திருக்க வேண்டும், பக்கத்துத் தெரு வைத்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பணம் கொடுக்காத அரசு பார்க்கவும் கூடாது என்றால், ஏர்வாடி மாதிரி இடங்களுக்கு அது வசதியாகப் போய்விடுமே? நியாயமான கேள்வி. ஏழை வீட்டுக்கும் காப்பகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே விடக்கூடாது. அம்மா தன் உழைப்பைக் கொடுத்து மகனை வைத்திருக்கிறார். காப்பகம் அவரை வைத்து நன்கொடை வாங்குகிறது, கட்டணம் வாங்குகிறது, பெயர் வாங்குகிறது. ஒருவரின் இயலாமையால் பிழைக்கிற எந்த அமைப்பும் அவருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது. எந்த நாளிலும் எந்த நேரத்திலும், முன்கூட்டிச் சொல்லாமல். வீட்டுக் கதவை உதவியோடு தட்ட வேண்டும். காப்பகக் கதவைக் கேள்வியோடு தட்டலாம்.

7

சரி, உள்ளே போயாச்சு. எதைப் பார்ப்பது?

'வேண்டாம்' என்ற சொல்லைத் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே வாழ்கிறவர் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கிறது? இட்லி வேண்டாம், இந்தச் சட்டை வேண்டாம், இன்னிக்குக் குளிக்க வேண்டாம், இவர் எனக்கு உதவி செய்ய வேண்டாம். பேச்சு இல்லாதவர் தட்டைத் தள்ளுவார், முகத்தைத் திருப்புவார், கையை உதறுவார். அதுவும் சொல்தான். அந்தச் சொல்லுக்குப் பிறகு அந்த வீட்டில் ஏதாவது மாறுகிறதா, அல்லது "அவன் அப்படித்தான், நீங்க ஊட்டுங்க" என்று தொடர்கிறதா? வேண்டாம் என்பதற்கு மதிப்பில்லாத இடத்தில் 'சரி' என்பதற்கும் அர்த்தம் இல்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டு வணக்கம் சொல்கிற வீட்டில் எனக்குப் பயமாக இருக்கும். ஒருவராவது கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தால், உட்கார விட்டிருந்தால், கொஞ்சம் நிம்மதி.

இது அதிகப்படியான எதிர்பார்ப்பு இல்லை. 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சண்டிகரில் அரசே நடத்திய காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடு கொண்ட ஒரு பெண். காப்பகத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றிருந்தார். நிர்வாகமும் உயர் நீதிமன்றமும் கருவைக் கலைப்பதே அவருக்கு நல்லது என்று முடிவு செய்தன. அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவருடைய சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்றது. முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். எனக்குப் பட்டது வேறு. அரசுக் காப்பகம் அவரை எண்ணியது, உண்ணக் கொடுத்தது, பதிவேட்டில் எழுதியது, காக்கவில்லை. கடைசியில் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் "உனக்கு என்ன வேணும்?" என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் செல்லுபடியானது. அந்தக் கேள்வியை அன்றாடம் கேட்கும் பழக்கம் அந்தக் கட்டடத்தில் இருந்திருந்தால்?

வேண்டாம் என்பதைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். ஒரு மணி நேர ஆய்வில் முடியாது. உட்கார்ந்து, கூடச் சாப்பிட்டு, தொலைக்காட்சி பார்த்து, பேச்சு நின்றுபோன பிறகும் எழுந்து போகாமல் இருக்கத் தெரிய வேண்டும். அதனால்தான் இங்கிலாந்தின் ஆணையம் தன் ஆய்வுக் குழுக்களில் 'அனுபவத்தால் வல்லுநர்கள்' என்று ஒரு வகையினரைச் சேர்த்திருக்கிறது. அதே வகைப் பராமரிப்பில் வாழ்ந்தவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் உட்பட. யார் குரலைக் கேட்டதும் ஒருவர் தோளைச் சுருக்குகிறார் என்பது அந்த மாதிரிக் குரலுக்குக் கீழே வாழ்ந்தவருக்குச் சட்டென்று பிடிபடும். இந்த ஏற்பாடும் வோர்ல்டன் ஹாலைத் தடுத்துவிடவில்லை. எந்த ஏற்பாடும் தனியாகத் தடுக்காது. ஆனால் பார்க்கப்படுகிறவர் பார்க்கிறவராகவும் ஆவதில் ஒரு நீதி இருக்கிறது. அது முறையின் வெற்றி தோல்வியைப் பொறுத்தது இல்லை.

8

மறுபடி அந்த அமைச்சரிடம் வருகிறேன். பசு பேசாது என்பது அவருக்குத் தெரியும். நடந்ததும் தெரியும். மணி அடிக்கும் வரை வாயைத் திறக்கவில்லை. பயமாக இருக்கலாம், இளவரசனாயிற்றே. நமக்கெதற்கு என்றும் இருக்கலாம். புராணம் அவரைத் தண்டிக்கவில்லை. பிறகு அரச கட்டளைக்கும் இளவரசன் உயிருக்கும் நடுவில் நின்று உயிரை விடுகிறவரும் ஓர் அமைச்சர்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

நம் சட்டம் அவருடைய இடத்தை இன்னும் தெளிவாக வரைந்திருக்கிறது. 2016 சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் சொல்லலாம். உறவாக இருக்க வேண்டியதில்லை. சாட்சியம் திரட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.  தாலுகா அலுவலகம் எல்லோருக்கும் வழி தெரிந்த இடம்தான். மணிக்கயிறு பசுவுக்கு எட்டாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் நிற்கிறவர் இழுக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது.

ஆனால் இழுப்பதற்கு முன்னால் தெரிய வேண்டும். தெரிவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போக வர இருந்திருக்க வேண்டும். உங்கள் தெருவில், அல்லது நீங்கள் பேருந்தில் கடக்கிற ஏதோ ஓர் ஊரில், சுவரில் பெரிய எழுத்தில் அன்பு, கருணை என்று ஏதாவது எழுதிய ஓர் இல்லம் இருக்கலாம். பிறந்தநாளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்து, வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறி, படம் எடுத்துக்கொண்டு வந்திருப்போம். அடுத்த முறை பணம் கொடுப்பதோடு இன்னொன்றும் செய்யலாம். அங்கே இருக்கிற ஒருவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. ஒரு மாதம் கழித்து, விசேஷம் ஒன்றும் இல்லாத ஒரு புதன்கிழமை மத்தியானம் போய், அவர் பெயரைச் சொல்லி, அவரைப் பார்க்கணும் என்று கேட்பது. அவர் எங்கே என்று அங்கே சொல்லத் தெரியாமல் விழித்தால் அது ஒரு தகவல். அவரே வந்து, உங்களை ஞாபகம் இல்லாமல், "நீ போ, நான் டிவி பாக்கணும்" என்று சொன்னால் அதுவும் ஒரு தகவல்தான். நல்ல தகவல். எழுந்து வந்துவிடலாம், அடுத்த மாதம் திரும்பப் போகணும்.